இரண்டு டிரம் கேழ்வரகு

கோட்டமேடு,
பொம்மிடி வழி.
12-8-1968

அன்பு மகன் மாதுவுக்கு அப்பா பச்சியப்பன் தன் கையாலேயே எழுதிக்கொண்டது.

இங்கு நான், உன் மனைவி செல்லி, பசு, கன்று எல்லோரும் நலம். சென்னையில் உன் நலம் அறிய ஆசை.

எழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைக்காதே. நான்தான். அறுபத்திரண்டு வயதில் தெரசா டீச்சரின் சாயங்கால வகுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். இந்தக் கடிதத்துக்கு மூன்று நாள் ஆயிற்று. 'ழ' மட்டும் இன்னும் கைக்குள் வரவில்லை. பரவாயில்லை, நேற்று பொம்மிடி ஸ்டேஷன் பலகையை நானே படித்தேன். ரயிலே எனக்காக நின்றது போல இருந்தது.

இதுவரை உன் கடிதத்தைத் தபால்காரர் பக்ருதீன்தான் படித்துச் சொல்வார். செல்லிக்கு நீ எழுதும் இரண்டு வரியையும் அவரே படிப்பார். அவள் வெட்கத்தில் மாட்டுக் கொட்டகைக்கு ஓடிவிடுவாள். இனி அந்த வேலை வேண்டாம். நானே படிப்பேன். ஆனால் உன் கடிதம் நான்கு வரிதான் இருக்கிறது, படிக்க உட்கார்ந்தால் முடிந்துவிடுகிறது. இனிமேல் நான்கு பக்கம் எழுது. முறையாக எழுது. முதலில் நலம் கேள். பிறகு மாட்டைக் கேள், கிணற்றைக் கேள், அக்கம்பக்கத்தைக் கேள். உன் விஷயம் கடைசியில் வரட்டும். நான் மிட்டாய் போலக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிப்பேன்.

ஒரு குறை. எலி கேழ்வரகைத் தின்று தீர்க்கிறது. உங்கள் கம்பெனியில் பழைய டிரம் கிடைக்கும் என்றாயே. இரண்டு அனுப்பு.

அப்பா
பச்சியப்பன்

சென்னை,
25-8-1968

அன்புள்ள அப்பாவுக்கு மாது வணக்கத்துடன் எழுதுவது.

நலம். நீங்கள், செல்லி, பசு, கன்று அனைவரின் நலமும் அறிய ஆவல். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது?

உங்கள் கடிதத்தை நான் தங்கியிருக்கும் அறையில் எல்லோரிடமும் காட்டினேன். "உங்கப்பா கையெழுத்து எங்க மேனேஜர் எழுத்தைவிட நல்லாருக்குடா" என்றான் கூட இருப்பவன். நான் கதவுக்கு வெளியே போய் நின்று இன்னொரு முறை படித்தேன்.

இரண்டு அலுமினிய டிரம் ரயிலில் அனுப்பியிருக்கிறேன். மூடி இறுக்கமானது, எலியால் ஒன்றும் செய்ய முடியாது. கம்பெனியில் நான் வேலை செய்யும் அறையில் பென்சிலின் தூளைக் குப்பிகளில் நிரப்புகிறோம். தூள் இந்த டிரம்மில்தான் வரும். காலியானதைக் கழித்துப் போடுகிறார்கள். கழுவித்தான் வெளியே கொடுக்க வேண்டும் என்று விதி. ஸ்டோரில் கூட்டமாக இருந்ததால் அப்படியே வாங்கிக்கொண்டேன். உள்ளே இருந்தது மருந்துதானே, அழுக்கா, விஷமா? ஒரு துணியால் துடைத்துக்கொண்டால் போதும்.

செல்லியிடம், நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள்.

உங்கள்
மாது

கோட்டமேடு,
30-9-1968

அன்பு மாதுவுக்கு அப்பா எழுதுவது.

நான் நலம். பசு நலம். கன்றுக்குத்தான் வயிற்றுப்போக்கு. உன் நலம் அறிய ஆசை. கிணற்றில் நான்கு படி தண்ணீர்.

டிரம் வந்து சேர்ந்தது. ஊரே வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போனது. உள்ளே ஓரத்தில் மாவு போல வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. செல்லி தலையை உள்ளே விட்டு முந்தானையால் துடைத்துவிட்டுக் கேழ்வரகைக் கொட்டினாள். நான் கரியால் ஒன்றில் 'செல்லி' என்றும் இன்னொன்றில் 'மாது' என்றும் எழுதினேன். அன்றைக்கு இருந்த சந்தோஷம் இப்போது இல்லை.

பத்து நாளாகச் செல்லிக்கு உடம்பெல்லாம் தடிப்பு. காலையில் கேழ்வரகு அள்ளிக்கொண்டு வருவாள், கொஞ்ச நேரத்தில் கை சிவந்துவிடும். கண் இமை வீங்கி மூடிக்கொள்ளும். மூச்சு விசில் போலக் கேட்கிறது. பூச்சி கடித்தது என்றார்கள், பச்சிலை அரைத்துப் பூசினோம். செய்வினை என்றார்கள், மந்திரித்தோம். பக்கத்து வீட்டுத் தங்கம்மாள், "புருசனை நெனைச்சு ஏங்கறா, வேற ஒண்ணுமில்ல" என்றாள். செல்லி வீங்கிய கண்ணோடு, "ஏங்கினா இளைக்கத்தானே வேணும், எனக்கு ஏன் ஊதுது?" என்றாள். நான் சிரித்தேன். பிறகு கொல்லைப் பக்கம் போய் அழுதேன். நீ தாயில்லாப் பிள்ளை, உனக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

நீ டாக்டர்கள் இருக்கும் இடத்தில் வேலை செய்கிறாய். கேட்டு எழுது. எனக்கு வேறு யாரும் இல்லை.

அப்பா
பச்சியப்பன்

சென்னை,
8-10-1968

அன்புள்ள அப்பாவுக்கு மாது வணக்கத்துடன் எழுதுவது.

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். பசு எவ்வளவு பால் கறக்கிறது? கன்றுக்கு வயிற்றுப்போக்கு நின்றதா? கிணற்றுக்கு நான்கு படி போதாது, ஐப்பசி மழை கைவிடாது என்று நம்புகிறேன். தெரசா டீச்சருக்கு என் வணக்கம். பக்ருதீன் அண்ணனின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே மழை பிடித்துவிட்டது. அறைக்குள் தண்ணீர் வந்து என் பெட்டி நனைந்தது, உங்கள் கடிதங்கள் மட்டும் நனையவில்லை.

அப்பா, சொல்ல வேண்டியதை எழுதக் கை வரவில்லை. அதனால்தான் மாட்டையும் மழையையும் சுற்றிக்கொண்டு வருகிறேன்.

கம்பெனி டாக்டரிடம் செல்லியின் நிலையைச் சொன்னேன். டிரம் அனுப்பியதையும் சொன்னேன். அவர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். பென்சிலின் நோயாளிக்குத்தான் மருந்து. அதன் தூள் மூச்சிலும் தோலிலும் படப்படச் சிலருடைய உடம்பு அதைப் பகையாக எடுத்துக்கொள்ளுமாம். அதற்காகத்தான் எங்களுக்கு முகத்துணி, கையுறை, வேலை முடிந்ததும் குளியல். செல்லிக்கு வந்திருப்பது அதுதான்.

கேழ்வரகைக் கோழிக்குக்கூடப் போடாதீர்கள். மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு, டிரம்மோடு ஆழமாகப் புதைத்துவிடுங்கள். செல்லி பக்கத்தில் வர வேண்டாம்.

இன்னொன்று. இனி அவள் ஆயுசுக்கும் பென்சிலின் ஊசி போடவே கூடாது. ஒரு ஊசி போதும், உயிர் போய்விடும். தப்பித்தவறிப் போட்டுவிட்டால் அட்ரினலின் என்ற ஊசியை அந்த நிமிஷமே போடச் சொல்லுங்கள்.

எனக்கும் ஒரு வருஷமாக அரிப்பு இருக்கிறது. சொன்னால் வேலை போய்விடும் என்று முழுக்கைச் சட்டை போட்டு மறைத்தேன். நான் வாயைத் திறந்திருந்தால் அந்தத் தூள் என்ன செய்யும் என்று அப்போதே தெரிந்திருக்கும். டிரம்மை அனுப்பியிருக்க மாட்டேன்.

மாது

தருமபுரி ஆஸ்பத்திரி,
14-10-1968

மாது,

செல்லி உயிரோடு இருக்கிறாள்.

இதை முதலில் எழுதிவிட்டேன். இனி மெதுவாகப் படி.

உன் கடிதம் சனிக்கிழமை காலை வந்தது. பக்ருதீன், "அவசரமா இருக்கப்போவுது, நான் படிக்கட்டுங்களா?" என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். செல்லிக்கு முந்தின நாள் காலில் கருவேல முள் ஏறிச் சீழ் வைத்திருந்தது. காலை நீட்டிக்கொண்டு கேட்டாள். நான் பசுவைப் படித்தேன், கன்றைப் படித்தேன், கிணற்றைப் படித்தேன். "ஏனுங்க மாமா, மாட்டுக்குப் பொறவுதான் நானா?" என்று சிரித்தாள். "வருவே இரு" என்றேன்.

பொம்மிடி கம்பவுண்டர் குப்புராஜ் பன்னிரண்டு மணிக்குக் கடையைச் சாத்திவிடுவார். நேரமாகிவிட்டது. கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அவளை வண்டியில் ஏற்றினேன். "மீதிய வூட்டுக்கு வந்து படிங்க மாமா, நான் இல்லாம படிக்காதீங்க" என்றாள்.

நான் வாக்கை மீறினேன். கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எடுத்துவிட்டேன். "என்ன பெருசு, பரீட்சைக்குப் படிக்கிறியா?" என்று கேட்டுவிட்டுக் குப்புராஜ் அவளை உள்ளே கூட்டிப் போனார். நான் மழையைப் படித்தேன். உன் பெட்டியைப் படித்தேன். தூள்தான் காரணம் என்பதையும் படித்தேன், ஊசியிலும் அதே மருந்து இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கேழ்வரகைப் புதைக்கச் சொன்னதைப் படித்தபோது வரி தப்பியது. அந்த வரியை மறுபடி முதலிலிருந்து எழுத்துக் கூட்டினேன். 'ஊசி' என்ற சொல்லைத் தொட்டதும் கத்திக்கொண்டு உள்ளே ஓடினேன். அவர் பஞ்சால் அவள் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பென்சிலின்தான் போட்டேன், ஏன்?" என்றார்.

"மாமா, நாக்குத் தடிக்குதுங்க" என்றாள் செல்லி. அவ்வளவுதான். உதடு நீலமாகிக் கீழே சாய்ந்தாள். குப்புராஜுக்கு வியர்த்துக் கொட்டியது. "என்ன செய்யறது, என்ன செய்யறது" என்று நின்றார். எனக்கு அடுத்த வரி தெரியாது. கடிதத்தை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். அவர் பிடுங்கி ஒரே மூச்சில் படித்தார். மூச்சிழுப்புக்காரர்களுக்காக அட்ரினலின் குப்பி ஒன்றே ஒன்று வைத்திருந்தார். அதை உடைத்து ஊசியில் ஏற்றிப் போட்டார். பிறகு ஒரு லாரியில் இங்கே கொண்டுவந்தோம். ஒரு நாள் முழுவதும் அவள் கண் திறக்கவில்லை. இன்று காலை கஞ்சி குடித்தாள். குரல் இன்னும் வரவில்லை. எப்போது வரும் என்று டாக்டர் நாளைக்குச் சொல்கிறேன் என்கிறார்.

நீ உன்னைத் திட்டிக்கொள்வாய், எனக்குத் தெரியும். டிரம் கேட்டது நான். நான்கு பக்கம் கேட்டதும் நான். உன் விஷயம் கடைசியில் வரட்டும் என்று எழுதியதும் இந்தக் கைதான். பக்ருதீனிடம் கொடுத்திருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

நேற்று ஊருக்குப் போய் நீ சொன்னபடி மூக்கைக் கட்டிக்கொண்டு இரண்டு டிரம்மையும் புதைத்தேன். கரியால் எழுதிய பெயர்கள் மேலே தெரிந்தன. மண்ணைத் தள்ளும் முன் துணியால் இரண்டையும் அழித்தேன்.

ஒரு அட்டையில் 'செல்லிக்குப் பென்சிலின் ஊசி போடக் கூடாது' என்று எழுதி நூல் கோத்து அவள் கழுத்தில் போட்டிருக்கிறேன். நர்ஸ் அதன் கீழே இங்கிலீஷிலும் எழுதிக் கொடுத்தார். இன்னொரு அட்டையில் உன் பெயர் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். சட்டைக்கு வெளியே தெரியும்படி போட்டுக்கொள். தூள் நிரப்பும் அந்த அறைக்குள் இனி கால் வைக்காதே. ரயிலேறி வந்துவிடு.

வர நாளாகும் என்றால் பதில் எழுது. முறை வேண்டாம், மாட்டைக் கேட்க வேண்டாம். எனக்கு ஒரே வரி போதும். இத்தனை கடிதத்திலும் வழக்கத்துக்காக எழுதியதை இப்போது நிஜமாகவே கேட்கிறேன்.

மாது, நீ நலமா?

அப்பா