மூன்று துளைகளும் ஒரே பக்கம்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நானும் மகளும் சுகம். நீங்களும் சுகம் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கிடங்கில் பெட்டி எண்ணும் வேலையே போதும், இனி உளியைத் தொட மாட்டேன் என்ற கடைசி வரியை ஐந்தாறு முறை படித்தேன். மனசுக்குப் பிடிக்கவில்லை.

போன வாரம் மீசைக்காரர் வந்தார். குழல் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் அவருடைய அந்தப் பழைய துப்பாக்கி, சுடும் போட்டிக்கு வேண்டுமாம். நீங்கள் விட்டுப்போன இடத்திலேயே சாக்குப் போர்த்தி வைத்திருந்தேன். அன்று அவர் முன்னால்தானே, நீங்கள் செதுக்கிய புதுக் கட்டையோடு குழலைப் பிணைக்கும் ஆணிகள் ஏறாமல் சுத்தியலால் தட்ட, கட்டையில் சில்லுப் பெயர்ந்தது? கை போச்சுடி, இனி இந்தத் தொழிலே வேணாம் என்று சொல்லி, மறுவாரமே உங்கள் தங்கை வீட்டுக்காரரின் கிடங்குக்குக் கிளம்பினீர்கள். இப்போது வந்த மீசைக்காரரோ, முடிச்சா அவரு கையாலதான் முடிக்கணும், நான் காத்திருக்கேன் என்று சொல்லிப் போனார்.

அவர் போனதும் சாக்கை விலக்கினேன். சும்மா பார்க்கத்தான். குழலைக் கட்டையின் பள்ளத்தில் வைத்து, ஆணித் துளைகளில் ஊசியை விட்டுப் பார்த்தேன். கட்டையிலுள்ள துளை ஓரிடம், குழலுக்கு அடியிலுள்ள இரும்புக் காதின் துளை வேறிடம். காது ஒரு தீக்குச்சி கனம் பின்னால் தள்ளி நின்றது. இரண்டாவதிலும் அதே தீக்குச்சி, அதே பின்பக்கம். மூன்றாவதும் அப்படியே! கை நடுங்கியிருந்தால் ஒன்று மேலே போகும், ஒன்று கீழே போகும். மூன்றும் பேசி வைத்துக்கொண்டு ஒரே பக்கமா போகும்? அதிலும் குழலை உள்ளே வைத்தபடி, கட்டையையும் காதையும் சேர்த்தே துளைத்தவர் நீங்கள். அன்று நேராக இருந்தது பிறகு எப்படி விலகியது?

மரம் காய்ந்து சுருங்கியிருக்குமோ என்று பக்கத்துக் கடையில் கதவு செய்பவரைக் கேட்டேன். மரம் அகலத்துல சுருங்கும், நீளத்துல சுருங்காது, இதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம் அவரோட குடித்தனம் பண்ணீங்க என்று கிண்டலடித்தார். அந்த மனுஷனுக்கு வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்லை. அப்படியானால் நகர்ந்தது குழல்தான்.

குழலைக் கழற்றி, பள்ளத்தின் பின்சுவரை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். மரத்தில் துணி நெசவின் அச்சு விழுந்திருந்தது. அந்தத் துணி நான் வைத்தது. குழலில் தடவிய எண்ணெய் மர முனையில் ஊறக் கூடாதே என்று உங்கள் பழைய சட்டையைக் கிழித்து மடித்து அங்கே செருகினேன். உங்களிடம் சொல்ல மறந்தேன். குழல் ஆடாமல் உட்கார்ந்ததும் நீங்கள் நம்பித் துளைத்தீர்கள். பிறகு அந்த எண்ணெயைத் துடைக்கக் குழலைக் கழற்றியபோது துணியை எடுத்தெறிந்தவளும் நானே. துணியின் கனம் எவ்வளவோ அவ்வளவு குழல் பின்னால் போய்விட்டது.

அதே சட்டையில் இன்னொரு துண்டை மடித்து வைத்துப் பார்த்தேன். மூன்று ஆணிகளும் விரலால் தள்ளவே உள்ளே போயின. நான் உட்கார்ந்து அழுதேன், பிறகு சிரித்தேன். மகள் பயந்துபோனாள்.

துணியை அங்கேயே விட்டுவிடலாமே என்று அவள் கேட்டாள். கூடாது என்றேன். சுடும்போது உதைப்பதை மரம்தான் தாங்க வேண்டும். துணி நசுங்கினால் ஆணிகள் வளைந்துபோகும். ஆகவே அதே ஜாதி மரத்தில் குச்சி சீவி, பசை தடவி, கட்டையிலுள்ள துளைகளை அடைத்தேன். குழலைப் பின்சுவரோடு இறுக வைத்து, காதுகளுக்கு நேராகக் குறித்து, இரண்டைப் புதிதாகத் துளைத்து ஆணி ஏற்றிவிட்டேன். முதல் துளையின் வாய் கொஞ்சம் கோணல், திட்டாதீர்கள். மூன்றாவதைத் தொடவில்லை.

செய்யாத தப்புக்கு மூன்று மாதமாக உங்கள் கை பழி சுமந்திருக்கிறது. கோபித்துக்கொள்ள வேண்டுமானால் நேரில் வந்து கோபித்துக்கொள்ளுங்கள். டீ டம்ளர் நடுங்குகிறது என்று எழுதியிருந்தீர்களே, கொதிக்கக் கொதிக்கப் பிடித்தால் யார் கைதான் நடுங்காது? அந்தச் சட்டைத் துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். மடிப்பைப் பிரிக்காமல் ஒரு தீக்குச்சிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கைத் துரப்பணத்தைத் துடைத்து உங்கள் பலகைமேல் வைத்திருக்கிறேன். மூன்றாவது துளைக்குக் குறிகூடப் போடவில்லை. வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சட்டையைக் கிழித்தவள்