பென்சிலில் மெலிந்தவள்

1999 மே 8, சனி

வெள்ளவத்தையில் ஒரு ஸ்டூடியோவில் இன்று என்னைப் படம் எடுத்தார்கள். கனடா மாப்பிள்ளை வின்சன்றுக்கு முழு உருவப் படம் வேண்டுமாம். ஸ்டூடியோக்காரர் என்னைப் பார்த்தார், பூச்சாடியைப் பார்த்தார், பூச்சாடியை எனக்கு முன்னால் நகர்த்தினார். அதுவும் போதாமல் ஒரு கதிரை.

"தங்கச்சி, மூச்சைக் கொஞ்சம் உள்ளுக்கு இழுங்கோ."

முப்பத்திரண்டு வருடமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்?

அம்மா அவர் காதில் ஏதோ சொன்னா. "யோசிக்காதேங்கோ அம்மா, நெகட்டிவில பென்சில் போட்டாச் சரி" என்றார். படத்தில் மெலிந்தால் நான் மாட்டினேன். கல்யாணம் வேண்டாம் என்று நான் சொன்னால் காரணம் கேட்பார்கள். குண்டு என்று அவர்களே விட்டுவிட்டால் கேள்வியே இல்லை. இதுவரை வந்த மாப்பிள்ளைகள் யாரும் இந்த விஷயத்தில் என்னைக் கைவிட்டதில்லை.

பிறகு றோஸியின் அறைக்குப் போனேன். குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள், ஈர்க்குச்சி உடம்பு. காலி வீதியில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வெளிநாட்டுக்கு அழைப்பு எடுத்துக் கொடுக்கிறாள். வீட்டாருக்கு அவள் என் சிநேகிதி. நான் அவளைக் காதலிக்கிறேன், அவளும் என்னை. நாலு வருடமாக.

படத்துக்குக் கட்டிய பட்டுச் சேலையை மாற்றும்போது வழமைபோல "அங்கால திரும்பு" என்றேன். வழமைபோலத் திரும்பினாள்.

"சுவரில பாக்க என்னடி இருக்கு?" என்றாள்.

மே 19, புதன்

படம் வந்தது. யாரோ ஒருத்தி, அழகாகத்தான் இருக்கிறாள். கழுத்து இருக்கிறது. இடுப்பு இருக்கிறது. வெள்ளையும் அடித்துவிட்டிருக்கிறார்கள். அம்மாவின் கண் கலங்கியது. என்னைப் பெற்ற அன்றுகூட இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டா.

மே 20

இன்றிலிருந்து எனக்கு இரவில் சோறு கிடையாது. படத்தை எட்டிப் பிடிக்க வேண்டுமாம்.

ஜூன் 5, சனி

மாப்பிள்ளைக்குப் பிடித்துவிட்டது. பிடிக்காமல்? பென்சில்காரி அப்படி.

அவருடைய அக்கா மேபல் லீவில் கொழும்புக்கு வந்திருக்கிறா. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் தூரத்திலிருந்து பெண் பார்ப்பாவாம். எங்கள் ஆட்களின் நாகரிகம் இது. பிடிக்காவிட்டால் கும்பிட வந்ததாகச் சொல்லிப் போய்விடலாம், யாருக்கும் வெட்கமில்லை. அந்தோனியார் தொலைந்ததைத் தேடிக் கொடுப்பவர். என் கழுத்தையும் ஒருக்காத் தேடிப் பார்க்கட்டும்.

ஜூன் 8, செவ்வாய்

"தூணுக்குப் பக்கத்து வாங்கில இருப்பா. படத்தைப் பாத்தா அடையாளம் தெரியும்" என்று அம்மா மேபலுக்குப் போனில் சொல்லியிருந்தா. எனக்குத் துணையாக றோஸியும் வந்து பக்கத்தில் இருந்தாள். என் சேலைத் தலைப்புக்குக் கீழே கையைப் பிடித்திருந்தாள்.

பின்னேரம் மேபலின் போன். அம்மா நானும் கேட்கட்டும் என்று ரிசீவரை எங்கள் இருவருக்கும் நடுவில் பிடித்தா.

"படத்தில மாதிரியே இருக்கிறா, சரியான வடிவு. எங்களுக்கு ஓகே அம்மா. பக்கத்தில இருந்த அந்த மொத்த அக்கா ஆர்? சொந்தமோ?"

அம்மாவின் முகத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். இந்த இரண்டாவதை ஏன் எழுதுகிறேன்? தெரியவில்லை.

ஜூன் 10

அம்மா உண்மையைச் சொல்லிவிட்டா. மேபல் கோபிக்கவில்லையாம். "அப்ப அந்த மெலிஞ்ச பிள்ளைக்குக் கலியாணம் முடிஞ்சுதோ?" என்று மட்டும் கேட்டாவாம்.

ஜூன் 13, ஞாயிறு

அந்தோனியார் திருநாள். றோஸி வரவில்லை.

ஜூன் 17

கொமியூனிகேஷன் முதலாளி ராசிக்தான் வாயை விட்டார். மேபல் போன கிழமையே கடைக்கு வந்து றோஸியோடு அரை மணித்தியாலம் கதைத்தாவாம். றோஸி எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் எங்கேயோ ஓடிவிடுகிறாளாம்.

எங்கே ஓடுவாள்? பாஸ்போட் அலுவலாக இருக்கும். போன மாதம் அவளுடைய லொட்ஜைச் சுற்றி வளைத்து, அவளை விடியும்வரை பொலிஸில் இருத்தி வைத்தார்கள். கனடாவில் செக்பொயின்ற் இல்லை. ஒரு பக்கம் ஒரு முழு நாடு. மற்றப் பக்கம் கப்பல் கொம்பனியில் டைப் அடிக்கும் நான். எடையில் மட்டும் குறைவில்லை.

போனால் சந்தோஷம் என்று எழுதப் பார்க்கிறேன் — பொய். பச்சைப் பொய். என்னை விட்டிட்டுப் போகாதையடி றோஸி. போகாதை.

ஜூன் 20, ஞாயிறு

மழையோடு மழையாகப் போய்க் கதவைத் தட்டினேன்.

"எப்ப பிளேன்?"

"விசரே உனக்கு? எனக்கு ஆள் இருக்கெண்டு அண்டைக்கே மேபலக்காட்ட சொல்லிப்போட்டன்."

"ஆரெண்டு கேக்கேல்லையோ?"

"கேட்டவ. கோயில்ல எனக்குப் பக்கத்தில இருந்த அக்கா வீட்டு ஆள் எண்டன். அப்ப அந்த அக்கான்ர தம்பியோ எண்டா. ஓமெண்டு விட்டன்."

எனக்கு ஏது தம்பி!

"பிறகேன் எனக்கு ஒளிச்சனீ?"

"ஸ்டூடியோவுக்கு நடந்தனான். அந்த மனுசன் லேசில அசையுதே?"

கைப்பையைத் திறந்து ஒரு படத்தை எடுத்தாள். நெகட்டிவில் போட்ட பென்சிலை அழிக்க வைத்து, புதிதாகக் கழுவி வாங்கியிருக்கிறாள். நான்தான். நான் உள்ளபடி. நேற்று வெள்ளவத்தைப் பாலத்தடியில் செக்பொயின்ற்காரி பையைக் கிளறி, "மே கவுத?" என்று இதைத் தூக்கிப் பிடித்தாளாம்.

"ஆரெண்டு சொன்னனீ?"

"மகே நோனா எண்டன்."

என் பெண்சாதி! துவக்குப் பிடித்தவளிடம்!

"பகிடியெண்டு நினைச்சுச் சிரிச்சவள். பிறகு இன்னொருக்காப் பாத்திட்டு லஸ்ஸனய் எண்டு சொல்லித்தான் தந்தவள். நாலு வருசமா நான் வடிவெண்டு தமிழில சொல்லி நீ நம்பேல்லை. பொலிஸ் சிங்களத்தில சொன்னதையெண்டாலும் நம்பு."

படத்தைப் பார்த்தேன். கை மொத்தம். கழுத்து என்று பெரிதாக ஒன்றுமில்லை. பூச்சாடியால் எதையும் மறைக்க முடியவில்லை. உதட்டில் ஒரு நக்கல் சிரிப்பு — அந்த ஸ்டூடியோக்காரரைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். பென்சில்காரியிடம் அது இருக்கவில்லை, அவர் அதையும் திருத்தியிருந்தார். இவளை எனக்குப் பிடித்திருந்தது. நன்றாகவே பிடித்திருந்தது.

சேலை தெப்பமாக நனைந்திருந்தது. மாற்றுவதற்குத் தன் உடுப்பொன்றைத் தந்துவிட்டு, நான் சொல்லாமலே றோஸி மற்றப் பக்கம் திரும்பி நின்றாள்.

"சுவரில பாக்க என்னடி இருக்கு?" என்றேன்.