நான்கு ஹார்ட்ஸ் இருந்தும் இல்லை என்றவருக்கு

என் அருமை தியாகு அண்ணனுக்கு,

நலம் விசாரிக்க முடியாத இடத்தில் இருக்கிறீர்கள். அதனால் நேரே சண்டைக்கு வருகிறேன்.

பதினெட்டு வருடம் நீங்கள்தான் என் பிரிட்ஜ் சீட்டாட்ட ஜோடி. நீங்கள் ‘ஒரு நோ டிரம்ப்’ என்று தொடங்கினால் நான் ‘இரண்டு கிளப்ஸ்’ சொல்வேன். கிளப்ஸ் மேல் ஆசையால் அல்ல. “ஹார்ட்ஸ், ஸ்பேட்ஸ் எதிலாவது நான்கு சீட்டு உண்டா?” என்று கேட்கிறேன். இருந்தால் நீங்கள் அதன் பெயரைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ‘இரண்டு டைமண்ட்’. என்னிடமும் நான்கு இருந்தால் மொத்தம் எட்டு. அதையே துருப்பாக்கி ஆடலாம். இந்த விதியை எனக்குத் தாளில் எழுதிக் கொடுத்ததும் நீங்கள்தான்.

குளுவாங் ஊரில் நடந்த போட்டியின் கடைசி ஆட்டம் நினைவிருக்கிறதா? நான் கேட்டேன். ‘இரண்டு டைமண்ட்’ என்றீர்கள். வேறு வழியின்றித் துருப்பே இல்லாத மூன்று நோ டிரம்ப் போனோம். ஆடப்போவது நீங்கள் என்பதால், வழக்கம்போல என் சீட்டுகளை மேசையில் விரித்துவிட்டுக் குடிக்கத் தே வாங்கப் போனேன். திரும்பி வருவதற்குள் எதிரணியினர் கிளப்ஸில் அடித்துக் கோப்பையைத் தூக்கிவிட்டார்கள். நம்மூர் தம்போய் வந்து சேரும்வரை காரில் என்னைத் திட்டினீர்கள். கேட்டதே தப்பாம். ஆறு வருடம் அதை நம்பினேன்.

போன மாதம் கமலா அண்ணி சாவகாசமாகச் சொல்கிறார்: “அன்னிக்கு அவரு கையில நாலு ஹார்ட்ஸ் இருந்துச்சு, தம்பி. எட்டு, ஆறு, நாலு, ரெண்டு. நான் பின்னாலதானே உக்காந்திருந்தேன்.”

“ஏன் அண்ணி சொல்லல?”

“பின்னால உக்காந்தவ வாய தொறக்கக்கூடாதுன்னு ரூல் போட்டது யாரு? நீங்க ரெண்டு பேரும்தானே லா. எல்லாம் பொடிசு, அவருக்குச் சொல்ல வெக்கமா இருந்துச்சாம்.”

வெட்கமா? எத்தனை சீட்டு என்றுதானே கேட்டேன், எவ்வளவு பெரிது என்று கேட்டேனா? ஹார்ட்ஸின் ஏஸும் ராஜாவும் ராணியும் என் கையில் இருந்தார்களே.

அதே நீங்கள்தான் பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். “ஏதாச்சும் இருக்கா அண்ணே?” என்று சனிக்கிழமைதோறும் கேட்டேன். “ஒண்ணும் இல்லப்பா, கார்ட்ட போடு.” அதற்கும் ஆட்ட விதியா? சொல்லியிருந்தால் மருத்துவமனைக்கு நான் தூக்கிக்கொண்டு போயிருக்க மாட்டேனா?

உங்கள் நாற்காலியில் இப்போது அண்ணி ஆடுகிறார். முதல் நாளே ஒன்பது, ஏழு, ஐந்து, மூன்றை வைத்துக்கொண்டு, சீட்டாட்ட மன்றமே திரும்பிப் பார்க்க ‘ரெண்டு ஹார்ட்ஸ்’ என்றார். ஜெயித்தோம்.

போன வாரம் மன்றத்து மாடிப்படி ஏறி வந்து மேசையில் உட்கார்ந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. “என்னா தம்பி?” என்றார் அண்ணி. “ஒண்ணும் இல்ல” என்றேன். அவர் சீட்டைக் கலைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். உங்களை அப்படிப் பார்த்திருப்பாரோ?

திங்கட்கிழமை மருத்துவரிடம் போகிறேன். அவர் சொல்வது எத்தனை பொடிசாக இருந்தாலும், அண்ணியிடம் அப்படியே சொல்வேன். இது உறுதி.

இன்னும் கோபம் ஆறாத,
உங்கள் தம்பி முருகையா
தம்போய்