முகம் தெரியாத படம்

நேற்று உன் வீட்டைக் காலி செய்த உன் அண்ணி, யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் ஒரு பிஸ்கட் டின்னை என் கையில் கொடுத்தாள். திறந்தேன். ஒன்றுமில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் நீ வாடகைக்கு எடுத்த மாடி அறைக்கு வரும் பெண்கள், கைப்பேசியை அணைத்து இதற்குள் போட்ட பிறகுதான் உள்ளே போகலாம். என்னுடையதையும் நீ வாங்கிப் போட்டிருக்கிறாய்.

வெளியே 'பாஸ்போர்ட் போட்டோ எடுக்கப்படும்' என்று பலகை. உள்ளே எடுத்தது வேறு. பூடுவார் போட்டோகிராபி என்று நீ சொன்னபோது என் வாயில் அது நுழையவில்லை. பெண்கள் தங்கள் படுக்கையறையில் இருப்பதுபோல, விரும்பிய உடையில், விரும்பிய அளவு உடையில், தங்களுக்காக மட்டும் எடுத்துக்கொள்ளும் படங்கள். பல வருடம் கல்யாண வீடுகளில் படம் எடுத்த பிறகு உனக்கு இந்த யோசனை வந்தது.

"எத்தினி பொண்ணுங்களை எடுத்திருப்பேன். ஒருத்தியாவது தனக்காக சிரிச்சுக்கினு நிக்கறாளா பாரு. எல்லாம் மாமியாருக்கு சிரிச்ச சிரிப்புடி."

"இந்த ஊர்ல யாரு வருவா?"

"மொதல்ல நீ வாயேன்."

"இந்த வயசுல எனக்கு இன்னாத்துக்கு?"

"லைட்டைக் கொறைச்சுடறேன், வா."

படம் எடுத்துக்கொள்ள நான் வரவில்லை. மற்றவர்களும் அதிகம் வரவில்லை. வந்தவர்களுக்கு ஒரே ஒரு ஆல்பம் அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, அவர்கள் கண்ணெதிரே மெமரி கார்டை அழிப்பாய்.

உன் மாடி அறையைப் பற்றி, நான் வேலை செய்த நாளிதழில் எழுதுகிறேன் என்று சொன்னது நான்தான். பெயர் கூடாது, தெரு கூடாது, முகம் கூடாது என்றாய். மூன்றையும் காப்பாற்றினேன். ஒரு படம் மட்டும் கேட்டேன். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பெண், தோளிலிருந்து நழுவிய பட்டுப்புடவை, வெறும் முதுகு. அவளிடம் சம்மதம் வாங்கி, அவளுடைய ஆல்பத்திலிருந்தே அதை எடுத்துத் தந்தாய். இருவரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முகம் எங்காவது தெரிகிறதா என்றுதான் திரும்பத் திரும்பப் பார்த்தோம்.

காலையில் வெளியானது. பத்து மணிக்குள், ஐயம்பேட்டையில் ஒரு நெசவாளர் டீக்கடையில் அந்தப் பக்கத்தை விரித்து, "இது நான் போட்ட பார்டராச்சே" என்றிருக்கிறார். அவள் கல்யாணத்துக்கென்றே மாமியார் சொல்லி நெய்யவைத்த புடவை. அந்தக் கரையில் இன்னொன்று கிடையாது. பட்டு நெய்கிற ஊரில் பிறந்து வளர்ந்த நம் இரண்டு பேருக்குமே அது தோன்றவில்லை.

சாயங்காலம் அவள் மாடியேறி வந்தபோது நானும் அங்கிருந்தேன். அவள் அழவில்லை. உன்னைத்தான் கேட்டாள்:

"மூஞ்சி தெரியாதுன்னு சொன்னீங்களேக்கா. எங்க தெருவுல மூஞ்சியை யாருக்கா பாக்கறாங்க? பொடவையைத்தான் பாக்கறாங்க."

அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். அதன்பின் உன் மாடிக்கு ஒருத்தியும் வரவில்லை. அறையைக் காலி செய்தாய். ஜவுளிக்கடைகளுக்காக, பொம்மைக்குக் கட்டிய புடவைகளைப் படம் எடுக்கப் போனாய்.

"நீ எழுதினதுல தப்பு ஒண்ணும் இல்லைடி" என்று ஒரே ஒருமுறை சொன்னாய். உண்மைதான். தப்பு இருந்திருந்தால் மறுநாள் திருத்தம் போட்டிருப்பேன்.

என் வீட்டுக்கு வருவதை நீ நிறுத்தவில்லை. காபி குடித்தாய், மழை, முழங்கால் வலி, வாலாஜாபாத் போகும் பேருந்துக் கூட்டம் எல்லாம் பேசினாய். ஆனால் எந்தப் பெண்ணைப் பற்றியும் பேசவில்லை. ஒரு பெயர் வாய்வரை வந்துவிட்டால் டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விடுவாய். நீ எதிரே உட்கார்ந்திருந்த அந்த வருடங்களில்தான் நான் அதிகம் தனியாக இருந்தேன். இப்போது அந்த நாற்காலியும் காலி.

உன் கடைசி வாரத்தில் மருத்துவமனையில் உன் பக்கத்தில் இருந்தேன். கதவைத் தட்டி ஒரு பெண், "அக்கா, வரலாமா?" என்றாள். நான் திரும்புவதற்குள், "கொஞ்சம் வெளியே இருடி" என்றாய். நீ யாரைச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு அவளைக் கடந்து போனேன். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அரைமணி நேரம் கழித்து அது திறக்கும் சத்தம் கேட்டதும், சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன். அவள் செருப்புச் சத்தம் படியிறங்கும்வரை அசையவில்லை. அன்று மாடிக்கு வந்தவள்தானா, வேறொருத்தியா, தெரியாது.

நான் உள்ளே வந்ததும், "பாத்தியா அவளை?" என்றாய்.

"பாக்கலைடி."

நீ வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஊரெல்லாம் கேள்வி கேட்டுப் பிழைத்தவள் நான். நம்புகிறாயா என்று உன்னிடம் கேட்கவில்லை. அந்தப் பார்வை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.