வாய்திறந்து சொன்ன பெயர்

வெல்ஸ்பரோ,
ஜனவரி 4, 1857

அன்புள்ள எல்நாதன்,

நலமா? பல வருடம் கழித்து எழுதுகிறேன். நாம் சேர்ந்து வக்கீல் தொழில் நடத்திய அறையில்தான் இன்னும் இருக்கிறேன். வாஷிங்டனுக்குப் போகும் செனட்டரை நம் மாநிலச் சட்டமன்றம் இம்மாதம் தேர்ந்தெடுக்கிறது. அங்கே உறுப்பினரான உன் ஓட்டு விழாவிட்டால் நான் தோற்பேன் என்கிறார்கள். அன்று காங்கிரஸ் சபைக்கு நான் நின்ற விஷயத்தில் உனக்கு வருத்தம் உண்டு, தெரியும். மாவட்ட நீதிபதி பதவி காலியாக இருக்கிறது. கவர்னர் என் சொல்லைத் தட்டமாட்டார்.

உன் பழைய கூட்டாளி,
சைலஸ் ட்ராஸ்க்


தலைநகர்,
ஜனவரி 11

ஐயா,

வருத்தமா? காங்கிரஸுக்கு ஒரு தடவை நீர், மறு தடவை நான் என்று கையடித்துப் பேசினோம். என் முறை வந்ததும் கட்சிக் கூட்டத்தில் மறுபடியும் நீரே எழுந்து நின்றீர். என் மாமனார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நீதிபதி பதவியை வேறு யாருக்காவது காட்டும். என் ஓட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எ. ஹாஸ்கெல்


தலைநகர்,
ஜனவரி 22

ஐயா,

நீர் வென்றது தந்தியில் தெரிந்திருக்கும். நடந்ததை நான் சொல்கிறேன்.

உம் எதிராளி, புதிதாக மாநிலமாகப் போகும் கான்சாஸில் அடிமைமுறையைப் புகுத்தத் துடிப்பவர். சபை எழுத்தர் ஓட்டுக்கு என்னை அழைத்தார். இங்கே ஓட்டு என்றால் எழுந்து நின்று பெயரைச் சொல்ல வேண்டும். உம் பெயரை நான் உச்சரித்துப் பன்னிரண்டு வருடம். வீட்டில் யாராவது சொன்னால் சாப்பாட்டிலிருந்து எழுந்துவிடுவேன்.

பக்கத்து இருக்கை டாபின்ஸ், "என்ன வக்கீலய்யா, நாக்கு ஒட்டிக்கிச்சா? பேரை நான் எடுத்துக் குடுக்கட்டுமா?" என்றான். சபை சிரித்தது.

"நீ சும்மா இருய்யா. அந்த ஆளை உன்னைவிட எனக்கு நல்லாத் தெரியும்" என்றேன். பிறகு, "சைலஸ் ட்ராஸ்க்!" என்று உரக்கச் சொன்னேன். மேல்மாடத்தில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

மாலையில் கவர்னரின் ஆள் என்னை நீதிபதியாக்கும் நியமன உத்தரவோடு வந்தார்.

"அதான் ஓட்டு போட்டாச்சே, வாங்கிக்கிட்டா என்ன?"

"வாங்கினா, போட்டேன்னு எவன் சொல்வான்? வித்தேன்னுதான் சொல்வான். எடுத்துக்கிட்டுப் போங்க."

போய்விட்டார். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

உம்மை மன்னித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். இந்த மாநிலத்தில் உம்மைப்போல் ஒரு சபையைக் கட்டிப்போடப் பேசத் தெரிந்த வக்கீல் வேறு இல்லை. அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். கான்சாஸ் விவாதத்தில் உம் குரல் தாழ்ந்தால், இதே சபையில் வேறொருவர் பெயரைச் சொல்லவும் எனக்குத் தெரியும்.

நன்றி சொல்லி எழுத வேண்டாம். வாஷிங்டனில் எழுந்து நின்று பேசும். பத்திரிகையில் படித்துக்கொள்கிறேன்.

எல்நாதன் ஹாஸ்கெல்