செருப்பில் ஒட்டிய கருமணல்

ஜூன், இரண்டாம் ஞாயிறு, இரவு

தூக்கம் வருவேனா என்கிறது.

மதியம் அக்கா வீட்டில் சாப்பாடு. மீன்குழம்பு ஊற்றும்போதே அத்தான் ஆரம்பித்துவிட்டார். துபாயிலிருந்து வந்தது முதல் புது ஜெபக்கூட்டத்துக்குப் போகிறார். மகள் ஷைனியை நிலவியல் படிக்க விடமாட்டாராம்.

"பூமிக்கு ஆறாயிரம் வருசம்தான். நம்ம கடப்புறத்துக் கருமணல் நோவா காலத்து வெள்ளம் கொண்டு போட்டது. கோடி வருசம்னு பொய் படிக்கவா பிள்ளைய அனுப்பணும்?"

சாப்பிட்ட கையோடு எழுந்தேன். வாசலில் கிடந்த அவர் செருப்பை இடது கையால் தட்டினேன். கடற்கரைக் கருமணல் உதிர்ந்தது.

"இதுல மோனசைட்னு ஒரு தாது கெடக்கு அத்தான். அதுல உள்ள தோரியம் மெதுவா ஈயமா மாறும். மாறினத அளந்தா அம்பது கோடி வருசத்துக்கு மேல வருது."

"அந்தக் காலத்துல வேகமா மாறியிருக்கும், ஏட்டி."

நல்ல கேள்வி! நான் பாடம் எடுக்கும் வகுப்பில்கூட யாரும் கேட்டதில்லை.

"மாறும்போது சூடு வரும் அத்தான். அவ்வளவும் ஆறாயிரம் வருசத்துல மாறினா, அந்தச் சூட்டுல பாறையே உருகும். கடலு கொதிச்சு வத்திரும். நோவா பேழைய எங்க மிதக்க விடுவாரு?"

அக்கா சிரித்தாள். அத்தான் சிரிக்கவில்லை. ஷைனி தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அவள் படிப்பைக் கெடுத்துவிட்டேனோ என்று சாயங்காலம் முழுக்க ஒரே குடைச்சல்.

இப்போதுதான் அத்தான் போன் பண்ணினார்.

"அந்தச் சூட்டுக்கு எப்படிக் கணக்குப் போடணும்? கூட்டத்துல கேக்கணும். ஷைனிட்ட கேட்டேன். படிச்சாத்தான் தெரியும்னு சொல்லுகா."

கணக்கு எனக்குத் தெரியும்.

"எனக்கும் தெரியாதே அத்தான்" என்றேன்.