பாதி விரல்

12-6-1988, ஞாயிறு

ஆறு விக்கெட் எடுத்தும் மாவட்ட கிரிக்கெட் அணியில் எனக்கு இடம் இல்லை. நினைக்க நினைக்க உடம்பெல்லாம் எரிகிறது.

காரியாபட்டிக்காரர்களை அவர்கள் ஊரிலேயே மத்தியானத்துக்குள் சுருட்டிவிட்டோம். அணிக்கு ஆள் எடுக்க வந்திருந்த பெரியவர் என்னைக் கூப்பிட்டுக் கையைக் காட்டச் சொன்னார். பன்னிரண்டு வயதில் சோளத்தட்டை வெட்டும் மெஷினில் ஆட்காட்டி விரல் பாதி போனது. அந்தப் பாதி விரலால்தான் என் பந்து தரையில் பட்டதும் உள்ளே திரும்புகிறது. அதைச் சொன்னேன்.

"பந்தெல்லாம் நல்லாத்தான் போடுற தம்பி. ஆனா ஊனமான கையோட அனுப்புனா, வேற ஆளே கெடைக்கலையான்னு கேப்பாக" என்றார்.

என்னிடம் முதல் பந்திலேயே அவுட்டானவன் பெயரை எழுதிக்கொண்டார். "இந்தக் கைதானய்யா அவன் ஸ்டம்பைச் சாச்சது?" என்று கேட்டேன். நோட்டை மூடிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஏழு வருஷமாக என்னை வைத்தே ஜெயிக்கும் எங்கள் கேப்டன் சேகர் பக்கத்திலேயே நின்றான். வாயைத் திறக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன்.

"ஏலே, அவுக பெரிய இடம். நான் என்னத்தப் பேச?" என்கிறான்.

"அப்ப அடுத்த ஞாயித்துக்கிழம வீரசோழன் ஊர்க்காரங்களோட மேட்சுக்கு நீயே பந்து போட்டுக்க. நான் வரல" என்று சொல்லிவிட்டு அருப்புக்கோட்டையில் இறங்கி நடந்துவிட்டேன்.

சொன்னது சரிதான். ஆனால் நான் வீட்டில் உட்கார்ந்தால் அந்தப் பெரியவர் ஜெயித்ததாகிவிடும். போனால் சேகர் ஜெயிப்பான்.